தோழர் எரிச்சின் காபிக் கணக்கு

பிரஷ்யாவை ஆண்ட மகா பிரடெரிக்குக்குக் காபி பிடிக்கும். குடிமக்கள் காபி குடிப்பதுதான் பிடிக்காது. கொட்டை வாங்குகிறோம் என்று நாட்டுப் பணம் கப்பலேறிப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் 1777-ல் ஓர் அறிக்கை விட்டார். எல்லோரும் பீர் குடியுங்கள், நானே பீர் சூப்பில் வளர்ந்த பிள்ளைதான் என்று அதில் சொந்தச் சரித்திரம் வேறு. ஜனங்கள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக் குடித்தார்கள். மன்னர் விடவில்லை. 1781-ல் காபி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கி, போரில் ஊனமுற்ற சிப்பாய்களைத் தெருத்தெருவாக மோப்பம் பிடிக்க அனுப்பினார். வறுக்கும் வாசனை எந்தச் சமையலறையிலிருந்து வருகிறதோ அந்த வீட்டுக்காரர் தொலைந்தார். மூக்குக்குச் சம்பளம் கொடுத்த இந்தத் திட்டம் மன்னர் மண்டையைப் போட்ட மறு வருஷமே ஊத்தி மூடப்பட்டது.

அந்தப் பீர் அறிக்கைக்குச் சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1977-ல், பிரடெரிக்கின் தலைநகராக இருந்த அதே பெர்லினில், அதாவது சுவருக்குக் கிழக்கே இருந்த பாதியில், அதே வயிற்றெரிச்சல். இம்முறை நாற்காலியில் இருந்தவர் ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர் எரிச் ஹோனெக்கர்.

குற்றவாளி பிரேசில். 1975 ஜூலையில் அங்கே பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனியில் காபி மரங்கள் கருகிப்போயின. உலகச் சந்தையில் விலை எகிறியது. கிழக்கு ஜெர்மனி காபிக்காக வருஷத்துக்கு 15 கோடி மேற்கு ஜெர்மன் மார்க் அளவில் செலவழித்து வந்தது. அது 70 கோடியைத் தொடும் நிலை வந்தது. அந்த நாட்டிடம் இருந்ததெல்லாம் உள்ளூர் மார்க். பிரேசில்காரர் அதை வாங்கிப் பார்த்து, அழகாக அச்சடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொட்டைக்கு டாலர் வேண்டும்.

சரி, காபியை நிறுத்திவிடலாமே? அந்த யோசனையும் மேலிடத்தில் பேசப்பட்டது. ஆனால் கிழக்கு ஜெர்மானியர்கள் செருப்புக்குச் செலவழிப்பதைப்போல இரண்டு மடங்கு காபிக்குச் செலவழிப்பவர்கள். வெறுங்காலோடு நடப்பார்கள், வெறும் வயிற்றோடு புரட்சிகர உற்பத்தி செய்யமாட்டார்கள். இத்தனைக்கும் அந்த நாடு குடித்த காபியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மேற்கு ஜெர்மனிச் சொந்தக்காரர்கள் பார்சலில் அனுப்பியது. முதலாளித்துவத்தின் அத்தை ஒருத்திதான் சோசலிசத்தின் காலைப்பொழுதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பொலிட்பீரோ கூடியது. மலிவு விலைக் காபித்தூள் கடையிலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் ‘காபி மிக்ஸ்’ வந்து உட்கார்ந்தது. இதில் 51 சதவீதம் காபி. மீதி 49? சிக்கரி என்றால் நாம் யாரும் கோபப்பட மாட்டோம். கும்பகோணமே நம் பக்கம் நிற்கும். இதில் சிக்கரி போக, ரை என்ற தானியம், பார்லி, சர்க்கரைக் கிழங்கு, போதாக்குறைக்குப் பட்டாணி. காபி, சுண்டல், கஞ்சி மூன்றையும் ஒரே தம்ளரில் வழங்கிய முதல் அரசு என்ற பெருமையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஹோட்டல் இயந்திரங்களில் போட்டால் பட்டாணி மாவு அழுத்தத்தில் உப்பிக்கொண்டு வடிகட்டியை அடைத்தது. மேற்கே ‘க்ரோனுங்’, அதாவது முடிசூட்டு, என்ற பெயரில் ஒரு பிரபலக் காபி உண்டு. இந்தக் கஷாயத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘எரிச்சின் முடிசூட்டு’. ஒட்டுக்கேட்கும் போலீஸுக்குப் பேர்போன நாட்டில் இது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை வைத்து அந்தக் காபியின் ருசியைக் கணித்துக்கொள்ளலாம். புகார்க் கடிதங்கள் குவிந்தன.

டாலர் இல்லாதவன் பண்டமாற்றுக்குத்தான் போகவேண்டும். காபி பிறந்த எத்தியோப்பியாவில் அப்போது மெங்கிஸ்து என்ற தோழர் ஆட்சியைப் பிடித்திருந்தார். அவரிடம் கொட்டை இருந்தது, ஆயுதம் போதவில்லை. இவர்களிடம் ஆயுதம் இருந்தது, கொட்டை இல்லை. பொருத்தம் பார்த்து முடித்தவர் வெர்னர் லாம்பெர்ட்ஸ் என்ற பொலிட்பீரோ உறுப்பினர். 1977-ல் துப்பாக்கி போனது, காபி வந்தது. சிவப்புப் பயங்கரம் என்ற படுகொலைகளுக்குப் பெயர் வாங்கிய ஆட்சிக்குத்தான் அந்தத் துப்பாக்கிகள் போயின. இந்தக் கதையில் சிரிக்கக் கூடாத இடம் இது. அடுத்த வருஷமே மெங்கிஸ்து, இனி கொட்டைக்கு டாலர்தான் என்று சொல்லிவிட்டார். கொள்கை ஒன்றுதான், கல்லாப்பெட்டி வேறு.

கடைசியில் பெர்லின் கண்ணில் பட்டது வியட்நாம். பிரெஞ்சுப் பாதிரிகள் 1857-ல் கொண்டுவந்த காபிச் செடி அங்கே இருந்தது. ஆனால் முப்பது வருஷப் போரில் தோட்டமும் பிழைப்பும் சீரழிந்து கிடந்தன. 1980-ல் ஒப்பந்தம். அதே 1980-ல்தான் ஹோனெக்கர், ஒதுக்கி வைத்திருந்த பிரடெரிக்கின் குதிரைச் சிலையை பெர்லினின் பிரதான வீதியில் மறுபடி நிறுத்தினார். காபியால் நொந்தவருக்குத்தான் காபியால் நொந்தவரின் அருமை தெரியும்.

வியட்நாமின் டாக் லாக் மேட்டுநிலத்துக்கு லாரிகள் வந்தன, பாசன இயந்திரங்கள் வந்தன, மின்நிலையம் எழும்பியது, சமவெளியிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். அந்த மலையில் ஏற்கனவே இருந்த ஏடே மக்களிடம் யாரும் பெரிதாகச் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த இசமானாலும் தோட்டம் போடும்போது இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமைதான். பதிலுக்கு இருபது வருஷத்துக்கு விளைச்சலில் பாதி கிழக்கு ஜெர்மனிக்கு.

கணக்கு கச்சிதம். ஒரே சிக்கல், காபிச் செடிக்கு ஐந்தாண்டுத் திட்டம் தெரியாது. நட்டு, வேர்பிடித்து, கப்பலேற்றும் அளவுக்குக் காய்க்க அதற்கென்று ஒரு காலம் வேண்டும். உருப்படியான முதல் அறுவடை 1990-ல் வந்தது. பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். 1990 அக்டோபர் 3-ம் தேதி கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை. பத்து வருஷம் அடுப்பில் வைத்த டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில் குடிக்க வேண்டியவர் வீட்டைக் காலி செய்துவிட்டார்.

வியட்நாம் உட்கார்ந்து அழவில்லை. 1986-லேயே சந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த அது, கொட்டையை உலகத்துக்கு விற்றது. விவசாயிகள் மேட்டுநிலமெங்கும் ரொபஸ்டாவாக நட்டுத் தள்ளினார்கள். மொத்தப் பெருமையையும் ஹோனெக்கருக்குக் கொடுத்தால் அவர்கள் அடிக்க வருவார்கள், நியாயமும்கூட. ஆனாலும் ஒரு கப் காபிக்கு டாலர் செலவழிக்க முடியாத அரசு போட்ட முதல் அதில் இருந்தது. இன்று பிரேசிலுக்கு அடுத்தபடி உலகிலேயே அதிகம் காபி விளைவிக்கும் நாடு வியட்நாம். அதன் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஒன்றுபட்ட ஜெர்மனி. சந்தை விலையில், காசு கொடுத்து வாங்குகிறது.