மின்களப் பதிவிலக்கணம்: பிறப்பியல்

மாணாக்க, கேள். மின்கம்பத்திலும் மின்மாற்றியிலும் பணி செய்வோர் தம் பணியைக் குறித்து எழுதுவது களப்பதிவு எனப்படும். அதனைக் கையெழுத்தின் அழகால் வகுப்பாரும், ஏட்டின் தடிமனால் வகுப்பாரும் உளர். அவர் வழக்கு மன்றம் ஏறாதவர். களப்பதிவு பிறந்த பொழுதால் வகுக்கப்படும். அது நால்வகைத்து.

முதலாவது உடன்பிறவி. பணி நடக்கும்போதே எழுதப்படுவது. எண்ணெய்க் கறை, மழைத்துளியில் ஊறிய எழுத்து, கோணல் வரி ஆகியவை இதன் மெய்யடையாளங்கள். சான்று கூறுவோன் தன் நினைவைத் தெளிவாக்கிக்கொள்ள, நிகழ்வின்போதோ அது நினைவில் பசுமையாக இருக்கையிலோ தான் எழுதியதைப் பார்க்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 159-ஆம் பிரிவில் விதித்தது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் இந்நெறியைக் கைவிடவில்லை. அவ்வேட்டை எதிர்ப்பக்க வழக்கறிஞரும் கேட்டு வாங்கிப் பார்ப்பார் என்பதையும் உளங்கொள்க.

இரண்டாவது அந்திப்பிறவி. மாலைத் தேநீரோடு பிறப்பது. இதில் பணிகள் யாவும் முழு மணியிலோ அரை மணியிலோ தொடங்கும், 10.47 என்னும் நேரம் இவ்வகையில் வாராது. தன்னினைவு வழிப் பிறப்பது, "எத்தனை மணிக்கு ஏறினோம் அண்ணே?" எனக் கேட்டுப் பிறப்பது என இது இரு கிளைப்படும்.

மூன்றாவது திங்களிறுதிப் பிறவி. முப்பது நாளுக்கும் ஒரே தூவல், ஒரே மை, ஒரே சாய்வு. இதன் உட்பிரிவாகிய மேற்படிப்பதிவு, முதல்நாள் எழுதியதன்கீழ் இரட்டைக் கீற்றுகளை இட்டுச் செல்வது. கீற்று வேகத்தில் பொங்கலன்றும் மின்மாற்றி பார்வையிடப்பட்டிருக்கும்.

நான்காவது ஏதப்பின்பிறவி. ஏதம் நேர்ந்தபின் எழுதப்படுவது. கையுறை அணிந்தது, நிலத்தொடுப்புக் கோல் மாட்டியது, தலைக்கவசத்தின் வார் இறுக்கியது வரை ஒன்றும் விடுபடாது. இத்துணை நிறைவு வேறெவ்வகைப் பதிவிலும் காணப்படாமையே இதன் இலக்கணம்.

இனி மின்நிறுத்த ஒப்புகை. உலக வழக்கில் இதனை 'எல்.சி.' என்பர். கொள்ளல், மீட்டளித்தல் என இது ஈருறுப்புடையது. ஒரே தடத்தில் இரு குழுவினர் வேலை செய்யின், இருவரும் தத்தம் ஒப்புகையை மீட்டளித்த பின்னரே மின்னோட்டம் விடப்படும். கொள்ளல் மட்டும் எழுதப்பட்டு மீட்டளித்தல் எழுதப்படாதது தொங்குபதிவு. தாள் தீர்ந்ததால் தொங்குவது, ஆள் வீட்டுக்குப் போனதால் தொங்குவது, "கைப்பேசியில் சொல்லிவிட்டேனே" என்பதால் தொங்குவது என அது மூவகை. மூன்றனுள் ஆளைக் கொல்வது பெரிதும் கடைசியே. ஆதலின் சொன்ன நேரத்தையும், கேட்டவர் பெயரையும் இருமுனையிலும் எழுதுக.

திருத்தம் மூன்று: ஒருகோட்டுத் திருத்தம், வெண்பூச்சுத் திருத்தம், தாள்கிழித் திருத்தம். பழைய எழுத்துத் தெரிய ஒரு கோடிட்டு, அருகே சுருக்கொப்பமும் நாளும் இடுவது முதலாவது. அதுவே கொள்ளத்தக்கது. ஏனைய இரண்டும் வழக்கறிஞர்க்கு விருந்து.

அறிவிப்புப் பதிவுக்கு வருவோம். கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்குமுன், முழுதாகப் 15 நாள் விட்டு எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56-ஆம் பிரிவு. அறிவிப்பு எந்நாளில் யார் கையில் சேர்ந்தது என்னும் வரியே இங்கு உயிர். அவ்விடத்தில் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதப்படின், அப்பூட்டினை ஆராய்க. மெய்ப்பூட்டு, நாய்ப்பூட்டு, மாடிப்பூட்டு என்பன அதன் வகை. பின்னிரண்டில் கதவு திறந்தே இருக்கும்.

நல்ல ஏடு எவ்விடரையும் காக்குமோ எனின், காவாது. அறுந்து விழுந்த மின்கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் மின்வாரியம் இழப்பீடு தர வேண்டும் என இந்தியாவின் தலைமை அறமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய பொறுப்பினை எந்தப் பதிவும் கழிக்காது. ஆயினும் அன்று தடத்தை நிறுத்தியவர் யார், விடச் சொன்னவர் யார் என்னும் வினா எழுகையில், உடன்பிறவி உடையோன் விடை உடையோன்.

உருவியல் அடுத்த பாடம். அதுவரை, மாணாக்க, ஏட்டைச் சட்டைப்பையில் வைத்திரு. வண்டிப் பெட்டியில் வையாதே.