சூரியனைக் கேட்டால் ஒன்று, சந்திரனைக் கேட்டால் ஒன்று

கேள்வி: ஏப்ரல் 25-ல் பிறந்தவள் நான். வீட்டு ஜாதகத்தில் கன்னி ராசி. ஆங்கிலப் பத்திரிகை ‘டாரஸ்’ என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் நீங்கள்தான் அம்மா! நம் ஊரில் ராசி என்றால் சந்திரன் நின்ற இடம். பத்திரிகை பார்ப்பது சூரியனை. அளவுகோலும் வேறு. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியில் மேற்கத்தியர்கள் மேஷத்தைத் தொடங்குகிறார்கள். நாம் நட்சத்திரங்களை வைத்து. வித்தியாசம் இப்போது சுமார் 24 பாகை. அதனால் உங்கள் சூரியன் இங்கே மேஷத்தில், அங்கே ரிஷபத்தில், அதாவது டாரஸில்.

ஆனால் சூரியன் மட்டுமே ஜாதகம் ஆகாது. மேற்கத்திய சார்ட் வட்டமானது. அதன் இடது ஓரம் கிழக்கு அடிவானம்; பிறந்த நேரத்தில் அங்கே உதித்த ராசியே லக்னம். 12 வீடுகளும் அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ணப்படும். லக்னம் சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால் ‘காலை ஆறு, ஆறரை இருக்கும்’ என்ற பாட்டியின் கணக்கு போதாது. நடுவே ஓடும் கோடுகள் கிரகங்களுக்கு இடையிலான கோணங்கள்: 120 பாகை என்றால் இணக்கம், 90 என்றால் உரசல்.

கிரகங்களின் இந்த இருப்பிடங்கள் அசல் வானியல் கணக்கு. பலன் பலிக்கும் என்பதற்கு மட்டும் அறிவியல் சான்று கிடையாது. உங்கள் கன்னிச் சந்திரன் மேற்கத்திய சார்ட்டில் பெரும்பாலும் துலாமில் இருப்பார். முழு சார்ட் போட்டுப் பாருங்கள்.