பெருமுக்கல் ரசிக சாஸ்திரம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் மார்க்கத்தில் உள்ள பெருமுக்கல் மலையைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்டதில்லை. மேலே உள்ள சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர்கள் உண்டு; குகைப் பாறையில் ஆதிமனிதன் கீறிவைத்த கோடுகளின் முன்னே உட்கார்ந்து அர்த்தம் புரியாமல் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு; 1760-இல் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி இம்மலைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த விருத்தாந்தத்தை விஸ்தாரமாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் அத்தனை பேரும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையைப் பார்த்தே நடந்த அவசரத்தில், சாலையோரத்து மதில்மேல் சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடுகிற ஒரு வித்வத் சபையைக் கவனிக்கத் தவறினார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் பெண் குழந்தைகளும், அவர்களுக்குத் தம்பி என்ற உரிமையால் அனுமதிக்கப்பட்ட இரண்டொரு பையன்களும் அடங்கிய அந்தச் சபையில், தென் கொரிய நாட்டுப் பாட்டுக் குழுக்களின் குணாதிசயம், சரித்திரம், சிகை நிறம் ஆகியவை பற்றி நடைபெறும் தர்க்கம், பழைய உரையாசிரியர்கள் கேட்டிருந்தால் மேலாடையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லத்தக்கது. அந்தத் தர்க்கத்தை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உற்பத்தி. 2012-இல் சை என்பவரின் ‘கங்னம் ஸ்டைல்’ நம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்கள் வரை வந்து குதிரை ஆட்டம் ஆடிவிட்டுப் போயிற்று என்றாலும், அதைச் சாஸ்திரத்தின் தொடக்கமாகக் கொள்வதற்கில்லை. அது வெறும் கூத்தாகவே நின்றுவிட்டது. சாஸ்திரம் பிறந்தது 2020-ஆம் ஆண்டில். பள்ளிக்கூடங்கள் கொரோனாவால் மூடிக் கிடக்க, ஆன்லைன் வகுப்பு என்னும் புண்ணிய காரியத்துக்காக வீட்டுக்கு வீடு கடன் வாங்கியேனும் ஒரு செல்போன் வாங்கப்பட்ட அதே காலத்தில், ஆகஸ்ட் 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பி.டி.எஸ். என்னும் எழுவர் குழு ‘டைனமைட்’ என்ற பாட்டை வெளியிட்டது. கணக்கு வகுப்பில் ‘கனெக்ஷன்’ அறுந்துபோன நேரங்களில் எல்லாம் இந்தப் பாட்டு மட்டும் அறாமல் ஓடியது எவ்விதம் என்பதைத் தந்தி, தொலைபேசி இலாகா நிபுணர்களின் ஆராய்ச்சிக்கு விட்டுவிடுகிறேன். மூன்றெழுத்துப் பெயர்களுக்கு இந்தச் சீமையில் இயல்பாகவே ஒரு மவுசு உண்டு என்பதும் நினைக்கத்தக்கது. எம்.ஜி.ஆர். இருக்கட்டும், திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட மணிலாக்கொட்டைக்கே டி.எம்.வி. என்று மூன்றெழுத்தில்தான் பெயர்.

அடுத்தது லக்ஷண நிர்ணயம். இந்தச் சாஸ்திரத்தின் மிகக் கடினமான பாகம் இது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, பேத்தியின் செல்போன் உறைக்குள் கண்ணாடி போலத் தெரியும் ஃபோட்டோ கார்டைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி கீறானுங்களே, இதுல உன்னோட ஆளு எவன்டி?” என்று கேட்பது பூர்வபக்ஷம். இதை மறுக்கப் புகுந்த பேத்தி, தான் அறியாமலே வேதாந்திகளின் வழியைப் பின்பற்றினாள். ஒரு பொருளை விட்டுப் பிரியாத அடையாளத்தைச் சொரூப லக்ஷணம் என்றும், வந்து போகும் அடையாளத்தைத் தடஸ்த லக்ஷணம் என்றும் சொல்லி, பின்னதற்குத் தேவதத்தனின் வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கையை உதாரணம் காட்டுவார்கள். காக்கை பறந்தாலும் வீடு இருக்கும். அது போலத் தலைமயிரின் நிறம் தடஸ்தம். ஒவ்வொரு ‘கம்பேக்’கிலும், அதாவது புதுப் பாட்டு வெளியீட்டிலும், நீலம், ஊதா, வெள்ளை என்று மாறிக்கொண்டே போவதை நம்பி ஆளை அடையாளம் சொல்பவர் அடுத்த மாதமே ஏமாந்துபோவார். பி.டி.எஸ். எழுவரில் ஜங்குக்கின் கீழுதட்டுக்கு அடியில் உள்ள மச்சம், ஆர்.எம்.மின் கன்னக் குழி, சுகா சிரித்தால் தெரியும் ஈறு, வி சிரித்தால் வாய் சதுரமாவது ஆகியவையே சொரூபம். “அது முடி ஆயா, ஆளு இல்ல” என்று அந்தப் பெண் ஐந்தே சொற்களில் சித்தாந்தத்தை முடித்தபோது, நம்முடைய மடங்களில் இதற்கு எத்தனை நாள் பாடம் நடத்துவார்கள் என்று எண்ணிப்பார்த்தேன். ஆயா அசரவில்லை. “மச்சத்தப் பாக்க எனக்குக் கண்ணு எங்கடி தெரியுது?” என்றாள். பிரத்தியட்சப் பிரமாணத்தின் எல்லையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டியவர் வேறு யாரும் இலர்.

கால நிர்ணயத்தில் இந்தச் சபை இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. சியோல் நகரத்துக் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுவதால், அங்கே நள்ளிரவில் ஒரு பிறந்தநாள் பிறக்கும்போது பெருமுக்கல்லில் முதல்நாள் இரவு எட்டரை மணி. ஆகவே வி-யின் பிறந்தநாள் வாழ்த்தை டிசம்பர் 29-ஆம் தேதி இட்டிலி வேகும் நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நாம் இருக்கும் ஊரில் 30-ஆம் தேதி பிறக்காமல் வாழ்த்துச் சொல்வது சரியன்று என்பது மறுகட்சி. வாக்கியப் பஞ்சாங்கத்தாரும் திருக்கணிதத்தாரும் சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்று இன்றளவும் ஒப்புக்கொள்ளாத நாட்டில் இந்தப் பேதம் ஆச்சரியப்படத்தக்கதன்று. இதைவிட நுட்பமானது வயதுக் கணக்கு. பழைய கொரிய வழக்கில் பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது. பிறகு ஜனவரி முதல் தேதி தோறும் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். 1995 டிசம்பர் 30-இல் பிறந்த மேற்படி வி, அந்தக் கணக்கின்படி, பிறந்த மூன்றாம் நாளே இரண்டு வயதை எட்டிவிட்டார். 2023 ஜூனில் கொரிய அரசாங்கம் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்து உலகத்தார் கணக்கையே தானும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற செய்தி வந்தபோது, தங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்த வயதுகளை எல்லாம் அடித்துத் திருத்திய சிரத்தையை நான் கண்ணால் கண்டேன். நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் பள்ளிச் சான்றிதழில் ஒரு வயதும், ஜாதகத்தில் ஒரு வயதும், ஓய்வூதியத்துக்கு ஒரு வயதுமாக வாழ்ந்து முடித்ததை இங்கே ஒப்பிடுவது மரியாதையாகாது.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அறிவியல் நோட்டின் பின்பக்கங்களில், ஊதா மையால், கொரியப் பாட்டுகள் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. இதைக் கேலி செய்யலாம் என்று பிரித்தவன் வியந்துபோனேன். கொரிய மொழியில் ஒரே ககர எழுத்து சொல்லின் முதலில் வல்லென்றும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்லவும் ஒலிக்கிறது. நம்முடைய ககரமும் அப்படித்தானே! ஆங்கில எழுத்தில் எழுதுகிறவன் இரண்டு எழுத்துக்களை வைத்துக்கொண்டு திண்டாடும் இடத்தில், 1446-இல் செஜோங் அரசர் வெளியிட்ட லிபியும் தமிழ் நெடுங்கணக்கும் ஒரே எழுத்தால் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. மதில்மேல் பாடபேதங்களும் விவாதிக்கப்படுகின்றன. இந்த இடத்தில் ‘ஜ’வா ‘ச’வா என்பதில் பதினோராம் வகுப்புப் பிரதிக்கும் கல்லூரிப் பிரதிக்கும் உள்ள வேற்றுமை தீர்வதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்கள் என்பது பெரியவர்களின் ஆட்சேபம். சபைகளில் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பதங்களை நடுவில் முறித்து, பல தலைமுறை பாடியவர்களும் தலையாட்டியவர்களும் யார்? அந்த விஷயம் முற்றித்தானே அண்ணாமலை செட்டியார் முதலியோர் முன்நின்று 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்ற நேர்ந்தது? இந்தப் பெண்களோ, படத்தின் அடியில் ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து, அதை அகராதி பார்த்துத் தமிழாக்கி, பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்று மூன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நச்சினார்க்கினியருக்கு இருந்த துணிச்சல் இவர்களுக்கும் இருக்கிறது. பாட்டில் இல்லாத பொருளையும் வருவித்து உரைக்கிறார்கள்.

இனி அனுஷ்டானம். புதிய பாட்டு வந்தால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பார்வைக் கணக்கை உயர்த்துவதற்கு ‘ஸ்ட்ரீமிங்’ என்று பெயர். ஒரே பாட்டை இடைவிடாமல் ஓட்டினால் கணக்கில் சேராது, ஒலியை அடக்கிவிட்டு ஓட்டினாலும் சேராது, நடுவே வேறு பாட்டுகளைப் போட வேண்டும் என்பவை ரசிகர்கள் போற்றும் விதிகள். இவ்விதிகளைப் பெருமுக்கல்லில் அனுசரிக்கும் விதம் ரசமானது: வீட்டில் ஆயாவுக்கும் பேத்திக்கும் ஒரே போன் ஆகையால், கொரியப் பாட்டு ஒன்று, சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒன்று, மறுபடி கொரியப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி ஓடுகிறது. பேத்தியின் விரதமும் பங்கப்படுவதில்லை, ஆயாவின் விரதமும் பங்கப்படுவதில்லை. அன்றைய ‘டேட்டா’ மட்டும் முற்பகலிலேயே தீர்ந்துவிடுகிறது.

சமயப் பிரிவுகள் இல்லாமல் ஒரு சாஸ்திரம் சோபிக்காது. பி.டி.எஸ். கட்சிக்கும் பிளாக்பிங்க் கட்சிக்கும் உள்ள பகை வெளிப்படையானது. எழுவரையும் சமமாகப் பாவிப்பவர்களுக்கும், ஒருவரை மட்டும் வழிபட்டு ஏனைய அறுவரைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கும் உள்ள பகை அதைவிட உக்கிரமானது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றப் படியேறிய பூர்வீகம் உள்ள நாம் இதில் திகைக்க ஒன்றுமில்லை. கொரியர்களுக்கும் இது புதிதன்று; 1990-களின் கடைசியில் எச்.ஓ.டி. குழுவின் ரசிகைகள் வெள்ளைப் பலூனும், ஜெக்ஸ்கிஸ் குழுவின் ரசிகைகள் மஞ்சள் பலூனும் ஏந்தி எதிரெதிரே நின்றது அவர்களுடைய பாட்டிமார் கதையாகாவிட்டாலும் தாய்மார் கதை. இந்தக் குழந்தைகளின் ‘ஃபேன் வா’ரைக் கண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளும் பெரியவர் யார் என்று விசாரித்தால், அவருடைய தகப்பனார் பாகவதரா சின்னப்பாவா என்ற வழக்கில் அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்தினவர், அவரே சிவாஜி பட சுவரொட்டிமேல் சாணி அடித்த வீரர். சாணிக்கும் ‘கமெண்ட்’டுக்கும் தராதரம் பார்த்தால் பின்னதே சுத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

பிரமாண விஷயத்தில் இவர்கள் காட்டும் கண்டிப்பை நம் சரித்திரக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு நாள் அந்த மதிலருகே நின்று, கொரியாவின் ஆதி ராணியே தமிழச்சிதான் என்று அருளினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரியோன் என்ற பிக்ஷு தொகுத்த ‘சம்குக் யூசா’வில், கி.பி. 48-இல் ஆயுத நாட்டிலிருந்து கடல்வழி வந்த இளவரசி ஒருத்தியின் கதை இருக்கிறது. ஆயுதம் அயோத்தி என்பார் ஒருபுறம், பாண்டி நாட்டில் என்பார் ஒருபுறம். சபை அவர் சொன்னதை மரியாதையாகக் கேட்டது. பிறகு ஒரு பெண் எழுந்து நின்று, “எந்தப் புக்குங்க சார், எந்தப் பக்கம்? அதுல தமிழ்னு எழுதியிருக்கா?” என்று கேட்டாள். ஆசிரியர் குடையை விரித்துக்கொண்டு போனார். வானத்தில் மேகம்கூட இல்லை. தேதி, நேரம், படம் இம்மூன்றும் இல்லாமல் ஒரு வதந்தியையும் ஏற்பதில்லை என்பது அந்த மதிலின் சட்டம்.

ஆனால் இந்த ஆராய்ச்சிச் சிரத்தை எல்லாத் திசையிலும் பரவியிருக்கிறது என்று சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து எட்டாம் வகுப்புச் சிறுமிகள் மூவர், உண்டியலில் சேர்த்த 14,000 ரூபாயோடு, விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியாவில் இறங்கி எழுவரையும் தரிசிப்பது என்று வீட்டை விட்டுப் புறப்பட்டு, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பியதால் ஒன்று சொல்லலாம்: அந்த மாதத்தில் எழுவரும் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள், கடைசி நால்வர் முந்தின டிசம்பரில்தான் சேர்ந்திருந்தார்கள். பெருமுக்கல் சபை இந்தச் சேதியை விவாதித்தபோது வருந்தியது யாத்திரையின் அபாயத்துக்காக மட்டுமன்று. பி.டி.எஸ். ரசிகர்கள் தங்களை ‘ஆர்மி’ என்றே அழைத்துக்கொள்வதால், “இதுகூடத் தெரியாம ஆர்மின்னு சொல்லிக்கிட்டா எப்படி?” என்பதும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது. கொரியர்களைக் காணக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. 1998 முதல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருண்டு வருகின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த வட்டாரத்தில்தான் ஜீவனம். ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணனிடம், அங்கே உள்ள கொரிய மேலாளர் யாரைப் போல இருப்பார் என்று தங்கை ஆவலோடு கேட்டாள். “எங்க மேனேஜர் பாடமாட்டாரு. திட்டுவாரு” என்று அவன் ஆராய்ச்சியை முடித்துவைத்தான்.

கடைசியாக, சியோல் நகரத்துப் பாட்டுக் கம்பெனியாருக்கு ஒரு விண்ணப்பம். அமெரிக்கப் பட்டியலின் வாரம் வெள்ளிக்கிழமை தொடங்குவதை உத்தேசித்து, அந்த நாட்டுக் கிழக்குக் கரையில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நீங்கள் புதுப் பாட்டை வெளியிடுகிறீர்கள். கோடையில் அது உங்களுக்குப் பகல் ஒரு மணி. எங்களுக்குக் காலை ஒன்பதரை, பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாடும் நேரம். உங்கள் கடிகாரப்படி இரவு ஒன்பது மணிக்கு வெளியிட்டால் இங்கே மாலை ஐந்தரை ஆகும். பிள்ளைகள் வீடு திரும்பி, ஆயாவும் தூங்கி எழுந்து, போனும் சார்ஜ் ஏறி இருக்கும். அருள்கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன்.