வான அளவை கோரி ஒரு மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற சர்வேயர், பரங்கிமலை, சென்னை.

பெறுநர்: உயர்திரு தலைமைத் தளபதி அவர்கள், இந்திய விமானப்படை, கிழக்குப் பிராந்தியத் தலைமையகம், ஷில்லாங்.

பொருள்: 19.11.2023 ஞாயிறு பிற்பகல் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே தென்பட்ட பொருளை முறைப்படி விசாரித்து அளந்து காட்டக் கோருதல் சம்பந்தமாக.

பார்வை: வெறுங்கண்.

மதிப்பிற்குரிய ஐயா,

செயின் இழுத்தே கால் தேய்ந்த ஒரு சர்வேயர் விமானப்படைக்கு மனுப்போடுவது வரம்பு மீறல்தான். வரம்புத் தகராறிலேயே உத்தியோகம் முழுவதையும் கழித்தவன் என்பதால் பொறுத்தருளவும்.

முதலில் சங்கதியைப் பதிந்துவிடுகிறேன். அன்று பிற்பகல் இரண்டரை மணி அளவில் இம்பாலின் பீர் திக்கேந்திரஜித் விமான நிலையத்துக்கு மேலே என்னவென்று தெரியாத ஒரு பொருள் தெரிந்தது. தெரிந்தது என்றால் ரேடாரில் அல்ல, கண்ணுக்கே. இறங்க வந்த இரண்டு விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். கிளம்ப வேண்டிய மூன்று விமானங்கள் நின்றன. மூன்று மணி நேரம் போல வான்வெளியே பூட்டிக் கிடந்தது. பொருளோ மேற்கே நகர்ந்தபடி நாலு மணி வரை காட்சி தந்ததாகக் காவல் பணியில் இருந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் ஹாசிமாரா விமானத் தளத்திலிருந்து ஒரு ரஃபேல் போர்விமானத்தை அனுப்பினீர்கள். அது தாழப் பறந்து துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. இன்னொன்றை அனுப்பினீர்கள். அதுவும் திரும்பியது. பிறகு உங்கள் தலைமையகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: விமான நிலையத்தில் கண்ணால் கண்டதை வைத்து வான்பாதுகாப்பு ஏற்பாட்டை முடுக்கிவிட்டோம், அந்தச் சிறிய பொருள் அதன் பிறகு காணப்படவில்லை.

உள்ளபடியே சொல்கிறேன், தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் குறிப்பெழுதிய எங்களுக்கு இந்த நேர்த்தி கைவரவில்லை. பொருள் இருந்தது என்பதை நீங்கள் மறுக்கவில்லை. போய்விட்டது என்றும் சொல்லவில்லை. காணப்படவில்லை, அவ்வளவுதான். இம்பாலில் நவம்பர் நடுவில் சூரியன் நாலரை மணிக்கு முன்பே அடைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வேப்பமரமும் காணப்படுவதில்லை. அதற்காக அதன் கோப்பை நான் மூடிவிடவில்லை.

விமானங்களை நிறுத்தியதைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஓடுதளத்துக்கு மேலே ஏதோ ஒன்று நிற்கும்போது ஆளேற்றிய விமானத்தை இறக்குகிறவன் பைத்தியக்காரன். ரஃபேலை அனுப்பியதும் சரி. என் மனுவே அது திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான். அந்த ஒரு செய்திக்குப் பிறகு உங்களிடமிருந்து என் போன்ற சாமானியனுக்கு ஒரு வரி வரவில்லை.

இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாகப் பிடிபடுகிற குற்றவாளி ஒருத்தி உண்டு. வெள்ளிக் கிரகம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தார் கண்விழித்து எழுதிய கணக்கின்படி, ஒளிரும் பொருள்கள் 329 தடவை தென்பட்டன. அதில் 155 தடவை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தனவாம். சீனாக்காரன் ட்ரோன் விடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, ஒன்று வெள்ளி, இன்னொன்று வியாழன் என்றார்கள். கேட்கத் தோன்றியது பாருங்கள், அதற்காக அந்த அதிகாரி யாராயிருந்தாலும் அவருக்கு என் சல்யூட். கேட்காமல் இருந்திருந்தால் வியாழன் பெயரில் இன்றைக்கும் ஊடுருவல் வழக்கு நிலுவையில் இருக்கும்.

ஆனால் இம்பால் விஷயத்தில் வெள்ளியை விட்டுவிட வேண்டும். அந்த மாதம் அவள் விடிவெள்ளி. நவம்பர் 19 அன்று இம்பாலில் மதியம் இரண்டு மணியை ஒட்டி மேற்கே அடைந்துவிட்டாள். பொருள் தென்பட்டதோ இரண்டரைக்கு. வியாழன் அப்போது இன்னும் எழவே இல்லை. ஆக, பழைய கேடிகள் இருவரும் ஸ்தலத்தில் இல்லை. பஞ்சாங்கம் புரட்டத் தெரிந்த எவரும் பத்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய சாட்சியம் இது.

அடுத்த சந்தேகம் பலூன். இதற்கும் முன்மாதிரி உண்டு. 2016 குடியரசு தினத்தன்று ராஜஸ்தான் வானில் உங்கள் சுகோய் விமானம் ஒரு பலூனைச் சுட்டு வீழ்த்தியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கர்கள் சீன பலூன் ஒன்றைக் கடலோரத்தில் சுட்டார்கள்; ருசி கண்டுவிட்டதால் அடுத்த சில நாளில் மேலும் மூன்று பொருள்களைச் சுட்டார்கள். ஏவுகணை ஒன்றின் விலை நாலு லட்சம் டாலருக்கு மேல். மூன்றில் ஒன்று கனடாவின் யூகான் பக்கம் விழுந்த நாளை ஒட்டி, அதே பக்கம் போய்க்கொண்டிருந்த இல்லினாய் பொழுதுபோக்குச் சங்கத்தாரின் குட்டி பலூன் பேச்சு மூச்சில்லாமல் போனது. அதுதான் இது என்று யாரும் முத்திரை குத்தவில்லை. சங்கத்தாருக்கு மட்டும் ஒரு பலூன் நஷ்டம்.

இம்பாலில் மிதந்ததும் பலூன்தானா? நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அளக்காமல் சொல்வது எங்கள் தொழிலில் பாவம். அளந்து பார்த்தீர்களா என்பதே கேள்வி.

ஐயா, வானத்தில் ஒற்றைக் கண் சாட்சியம் பாதி சாட்சியம். நிலா அளவு தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், அது 230 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் பலூனாக இருக்கலாம். 2,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் இருபது மீட்டர் பூதமாகவும் இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவு. தூரம் தெரியாமல் பருமன் இல்லை, வேகமும் இல்லை. சிறிய பொருள் என்று உங்கள் செய்தி எதை வைத்துச் சொன்னது என்பது எனக்கு விளங்காததும் இதனால்தான்.

இரண்டாவது கண் ஒன்று கிடைத்தால் கதையே வேறு. விமான நிலையத்தில் நின்றவருக்கும் ஊர் நடுவே காங்லா கோட்டையில் நின்றவருக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிமிஷத்தில் இருவரும் பார்க்கிறார்கள், ஒருவரை நோக்கிய திசையில் மற்றவர், இருவருக்கும் 45 பாகை ஏற்றம். பொருள் இருவருக்கும் நட்டநடுவே மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முடிந்தது வழக்கு. இதற்கு ரஃபேல் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் கோணமானி போதும். அதன் மையத் துளையில் ஒரு நூல், நூல்முனையில் ஒரு போல்ட்டு நட்டு. தட்டையான விளிம்பு வழியே பொருளைப் பார்க்க வேண்டும், நூல் தொங்குகிற இடத்தைப் பக்கத்தில் நிற்பவர் படிக்க வேண்டும், 90இலிருந்து கழிக்க வேண்டும். 1802 ஏப்ரலில் லாம்டன் துரை எங்கள் பரங்கிமலையடியில்தான் செயினைப் போட்டு முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டில் தொடங்கி முக்கோணம் முக்கோணமாகப் போட்டுத்தான் இந்தத் தேசத்தையே அளந்தார்கள். இரண்டு கல் நின்றால் மூன்றாவது கல்லைப் பிடித்துவிடலாம் என்பது எங்கள் வேதம்.

கல்லே காணாமல் போனாலும் எங்களுக்கு முறை இருக்கிறது. பக்கத்துப் பட்டாதாரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். குறித்த நாளில் வரப்பில் நின்று, கல் எங்கே நின்றது என்று கேட்போம். பட்டாதாரர் பொய் சொல்வார். அவருடைய பங்காளி அதைவிடப் பெரிய பொய் சொல்வார். தள்ளி மாடு மேய்த்துக்கொண்டிருக்கும் கிழவியைக் கேட்டால், அந்தப் பூவரச மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவாந்திரம் என்று கை காட்டுவாள். செயின் போட்டால் சரியாக இருக்கும். கேட்காவிட்டால் கிழவி வாய் திறக்க மாட்டாள். அவளுக்கென்ன, மாடு இருக்கிறது.

இம்பால் பள்ளத்தாக்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிழவிகள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்! எத்தனை கைபேசிகள் மேலே திரும்பியிருக்கும்! எடுத்த படம் ஒவ்வொன்றிலும் நேரம் பதிந்திருக்கும், பலவற்றில் நின்ற இடமும் பதிந்திருக்கும். உலகத்தில் எந்தச் சர்வேயருக்கும் கிடைக்காத கொடுப்பினை. ஆனால் அந்தக் கைபேசிகளில் இணையம் இல்லை. அந்த ஆண்டு மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் வெடித்ததும் நிறுத்தினார்கள். செப்டம்பரில் சில நாள் திறந்துவிட்டு மறுபடி மூடினார்கள். டிசம்பரில்தான் பெரும்பாலான இடங்களில் திரும்ப வந்தது. அடையாளம் தெரியாத பொருள் ஒன்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வந்தாலும் இவ்வளவு தோதான ஊர் கிடைத்திருக்காது: பட்டப்பகல், கண் உண்டு, கேமரா உண்டு, வாய்ப்பூட்டும் உண்டு.

மோரேயில் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கடை வைத்திருக்கிறான். பர்மாவிலிருந்து கிளம்பி வந்து அந்த எல்லை ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர் கூட்டத்தில் அவன் தகப்பனாரும் ஒருவர். போன் போட்டு, வானத்துல ஏதோ தெரிஞ்சதாமே, நீ பார்த்தியாப்பா என்றேன். "அண்ணே, இங்க யாரு அண்ணாந்து பாக்குறா? பக்கவாட்டுல பாத்து நடந்தாத்தான் வீடு வந்து சேர முடியும்" என்றான். அதற்கு முன்பு அக்டோபர் 31ஆம் தேதி அவனுடைய ஊரில்தான் போலீஸ் அதிகாரி ஒருவரை மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள்.

அவன் சொன்ன பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த மாநிலத்தில் போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் வெளியே போயின. எங்கே போயின, யார் கையில் என்பதற்கும் பார்த்த சாட்சிகள் இருந்திருப்பார்கள். 2023 ஜூனில் இம்பாலில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் பெட்டி ஒன்று வைத்தார்கள். பறித்த ஆயுதங்களைத் தயவுசெய்து இங்கே போடவும் என்று அதன் மேல் பலகை. வானத்தில் போன பொருளுக்குப் பின்னால் அன்றைக்கே இரண்டு ரஃபேல். தரையில் போன துப்பாக்கிக்கு உண்டியல். தரை உங்கள் இலாகா இல்லை, தெரியும். ஆனாலும் வாசலில் பெட்டி வைக்கும் யோசனை நன்றாயிருக்கிறது. ஓடுதளத்தின் ஓரத்தில் ஒன்று வைத்துப் பார்க்கலாம். பொருளுக்கு மனசாட்சி இருந்தால் தானே வந்து விழும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்க வேண்டியதுதானே என்று உங்கள் எழுத்தர் சொல்லக்கூடும். விசாரித்தேன். அங்கே பொருளைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர். அந்தப் படை 24ஆம் பிரிவின்படி இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடாது. ஊழல், மனித உரிமை மீறல் இரண்டுக்கும் மட்டும் விலக்கு உண்டு. பொருள் யாரிடமாவது கையூட்டு வாங்கியதாகத் தகவல் இருந்தால் தயவுசெய்து சொல்லவும்; உடனே மனுப்போடுகிறேன்.

பிரான்சில் இதற்கென்றே துலூஸ் நகரத்தில், அவர்களுடைய விண்வெளி நிறுவனத்துக்குள், 1977இலிருந்து ஒரு அலுவலகம் நடக்கிறது. அதிகம் பேர் இல்லை. பார்த்தேன் என்று எந்தக் குடியானவன் வந்தாலும் அவனை உட்காரவைத்து, எந்தத் திசை, எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விடை தெரிந்ததை ஒரு கட்டிலும் தெரியாததை ஒரு கட்டிலும் போடுகிறார்கள். 2007 முதல் கோப்புகளை ஊரறியப் படிக்கவும் வைத்துவிட்டார்கள். விடை தெரியாத கட்டு வெளியே வந்ததால் பிரான்ஸ் நாடு கவிழ்ந்ததாகச் செய்தி இல்லை. தெரியவில்லை என்று கையெழுத்துப் போடுவதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. நம் ஊரில் அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் பெற்ற பதவியே கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆகையால் சமூகம் அவர்கள் தயவுகூர்ந்து, மேற்படி தேதியில் பொருளைக் கண்ட பொதுமக்களை நேரில் அழைத்தோ, முடியாவிட்டால் கடுதாசி மூலமோ, வாக்குமூலம் வாங்கவும். அன்றைய காற்றின் திசையையும் வேகத்தையும் வானிலை இலாகாவிடம் பெற்று, பொருள் போன வழியோடு ஒத்துப்பார்க்கவும். பலூன் என்றால் பலூன் என்றும், ட்ரோன் என்றால் ட்ரோன் என்றும், ஒன்றும் புலப்படவில்லை என்றால் அதையே தேதி போட்டும், அரைப் பக்கத்தில் அறிக்கை வெளியிடவும் வேண்டுகிறேன். சாட்சிகளை அழைக்கும்போது மோரேப் பக்கம் போனால் என் தம்பியைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவன் மேலே பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்ததைக் கேட்பதாக இருந்தால், கடையை அடைத்துவிட்டுக்கூட வருவான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சர்வேயர் (ஓய்வு)

நகல்: வெள்ளிக் கிரகத்துக்கு, தகவலுக்காக. இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளது.

இணைப்பு: பிளாஸ்டிக் கோணமானி 1, நூல், நட்டு சகிதம். பேத்தியுடையது. தாவா முடிந்ததும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பவும். அரையாண்டுப் பரீட்சைக்கு வேண்டும்.