டயரியல் பாயிரம்: இழுவை வீட்டுக்கு மாற்றுக்கால் தேடுவோர் குறித்து ஓர் ஆய்வு

உலகத்து டயர்கள் இரு வகைப்படும். தேய்ந்து சாவன ஒரு வகை; தேயாமல் சாவன மறுவகை. லாரி, பேருந்து, ஸ்கூட்டர், ஆட்டோ ஆகியவற்றின் டயர்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. மொட்டையானால் மாற்ற வேண்டும். காசில்லையென்றால் ரீட்ரேடிங் செய்ய வேண்டும். இரண்டாம் வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டிராவல் டிரெய்லர் டயர். பட்டன் குறையாமல், கறுப்பு மங்காமல், பார்த்தவரெல்லாம் "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று சொல்லும் நிலையில் இருந்துகொண்டே அது ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். இத்தகைய அகால மரணம் பற்றித் தமிழாய்வாளர்கள் காட்டிவரும் அலட்சியத்தைக் கண்டு மனம் நொந்தே இப்பாயிரம் எழுதப்படுகிறது.

டிராவல் டிரெய்லர் என்பது எஞ்சின் இல்லாத வீடு. கட்டில், சமையலறை, குளியலறை, கழிவறை, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. தானாக நகரும் ஆற்றல் மட்டும் இல்லை. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் இந்த வீடுகளைக் கட்டியே பிழைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு அச்சு, நான்கு சக்கரம். கோடையில் சில வாரம் ஓடும். மற்ற நாளெல்லாம் வீட்டோரத்திலோ வாடகைக்கு எடுத்த திடலிலோ வெயிலில் நிற்கும். அந்த நிற்றல்தான் அதன் டயருக்கு எமன். ரப்பரைக் காக்கச் சேர்க்கப்படும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நிற்கும் டயரில் அது அவ்வளவாக வருவதில்லை. ஓசோனும் வெயிலும் தம் வேலையைத் தடையின்றிப் பார்க்கின்றன. ஆகவே இந்த டயரை மூன்றிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது பெரும்பான்மை வழக்கு. மொட்டை டயரை மாற்றுவது செலவுக் கணக்கு. பட்டன் நிறைந்த டயரைக் கழற்றி எறிவதற்கோ சித்தாந்தம் வேண்டும். சித்தாந்தம் வந்தால் கட்சிகளும் வரும். முதலில் பரபக்கம்.

முதற்கட்சியார் நாட்டுவாதிகள். டயர் எந்த நாட்டில் பிறந்தது என்பதே அதன் ஊழ் என்பது இவர்கள் கொள்கை. மலிவான இறக்குமதி டயர்களுக்கு இவர்கள் சூட்டிய பெயர் 'சீன வெடிகுண்டு'. புதிய டிரெய்லருடன் வரும் டயரை ஓட்டிப் பார்க்கும் முன்பே கழற்றிவிடும் தீவிரவாதிகளும் இக்கட்சியில் உண்டு. 2017இல் குட்இயர் நிறுவனம் எண்டூரன்ஸ் என்ற டிரெய்லர் டயரை அமெரிக்காவிலேயே தயாரித்து இறக்கியபோது இவர்கள் அடைந்த ஆனந்தம் சொல்லி மாளாது. (அந்நிறுவனத்துக்கும் ரப்பரைப் பதப்படுத்தக் கற்றுக்கொடுத்த சார்லஸ் குட்இயருக்கும் எந்த உறவும் இல்லை என்பதை இங்கே சொல்லிவைப்பது ஆய்வாளன் கடமை. அவர் 1844இல் காப்புரிமை பெற்று, 1860இல் கடனோடு கண்மூடினார். நிறுவனம் 1898இல் ஆக்ரன் நகரில் பிறந்தது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது.) ஆனால் இக்கட்சிக்குள் ஒரு முரண் இருக்கிறது. கனமான டிரெய்லர் வைத்திருப்போர் 'இதற்கு நிகரில்லை' என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்ளும் சைலுன் எஸ்637, முழு எஃகால் ஆன டயர். அதைச் செய்யும் நிறுவனத்தின் தலைமையகம் சீனாவின் சிங்தாவ் நகரம். இதைக் கேட்டால் "அது வேறு சீனா" என்கிற தோரணையில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இரண்டாங்கட்சியார் எல்டிவாதிகள். இவர்களைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டும், ஏனென்றால் இவர்கள் பாதி சரி. டிரெய்லருக்கென்று தனியே வார்க்கப்படும் டயரின் பக்கச்சுவரில் 'எஸ்டி' என்றிருக்கும். பிக்கப் வண்டியின் டயரில் 'எல்டி'. வண்டியை ஓட்டி மனிதரைச் சுமக்கும் எல்டிதான் தரமானது, எஸ்டி என்பது ஏமாற்று வேலை என்பது இவர்கள் வாதம். சான்றாக ஒரே அளவுள்ள இரண்டு டயர்களைக் காட்டுவார்கள். 235/85 ஆர்16 அளவில், 'இ' என்னும் சுமைத் தரத்தில், 80 பிஎஸ்ஐ காற்றில், எல்டி டயர் தன்னால் 3,042 பவுண்டு சுமக்க முடியும் என்கிறது. அதே அளவு, அதே தரம், அதே காற்றில் எஸ்டி டயரோ 3,640 பவுண்டு என்று மார்தட்டுகிறது. அதே உயரம், அதே அகலம். சுமையில் மட்டும் ஏறத்தாழ 600 பவுண்டு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வேகத்திலிருந்து வந்தது. பக்கச்சுவரில் வேறு வேகம் குறிப்பிடாதவரை எஸ்டி டயர் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடாது என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சுமை எழுதப்பட்டது. மெதுவாகப் போகிறவனுக்கு மூட்டையில் கொஞ்சம் கூட ஏற்றலாம் என்பது தானே கணக்கு. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்போருக்குச் சட்டப்படி 55 மைல்தான் உச்சவரம்பு; அங்கே இந்த நம்பிக்கை பிழைக்கும். மேற்கு டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையின் பலகை 80 மைல் என்கிறது. பிக்கப் ஓட்டுநர் பலகையைப் படிக்கிறார். பின்னால் வரும் டயரைப் படிப்பதில்லை. அண்மைக் காலத்து எஸ்டி டயர்கள் சிலவற்றில் 'எல்', 'எம்', 'என்' என்று வேக எழுத்து வந்துவிட்டது; 'என்' என்றால் 87 மைல். ஆகவே எஸ்டியை ஏமாற்று என்பது பிழை. அது நிபந்தனையுடன் வாக்குக் கொடுக்கிறது, நாம் நிபந்தனையைப் படிப்பதில்லை. எல்டிக்கு மாறுவதில் தவறில்லை, குறைந்த சுமை எண்ணும் போதுமானதாக இருந்தால். பல டிரெய்லர்களுக்குப் போதாது.

மூன்றாங்கட்சியார் அனுபவவாதிகள். "நான் இதே டயரைத்தான் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இவர்களின் மூலச் சூத்திரம். வெடித்தவர் வாய் வேறு சொல்லும். கார் டயர்களுக்குத் தேய்மானம், பிடிமானம், வெப்பம் தாங்கல் ஆகியவற்றை அளந்து பக்கச்சுவரில் பொறிக்கும் அரசு முறை அமெரிக்காவில் உண்டு. டிரெய்லர் டயர்களுக்கு அது பொருந்தாது. காண்டல் அளவைக்குக் கண்ணில்பட எதுவும் இல்லாத இடத்தில் உரை அளவை ஒன்றே ஆட்சி செய்கிறது. இக்கட்சிக்கு இதற்குமேல் மறுப்புத் தேவையில்லை.

இனி சுபக்கம். நம் முடிபு இது: டயரைத் தேர்ந்தெடுப்பதற்குத் தேவையான செய்தி பெரும்பாலும் டயரின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை யாரும் குனிந்து படிப்பதில்லை. ஆகவே டயரியல் என்பது அடிப்படையில் கல்வெட்டியல்.

மரபான கல்வெட்டாளருக்குப் போலவே இங்கும் உடல் வருத்தம் உண்டு. 'டாட்' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நீண்ட குறியின் கடைசி நான்கு இலக்கம்தான் டயர் பிறந்த வாரமும் ஆண்டும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். இம்முறை 2000இலிருந்து வழங்குகிறது. ஆனால் முழுக் குறியை டயரின் ஒரு பக்கத்தில் பொறித்தால் போதும் என்று விதி இருப்பதால், மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் ஆய்வாளர் சரளைக் கல்லில் முதுகு பதித்து, டார்ச்சை வாயில் கவ்வி, அச்சுக்குக் கீழே நுழைய வேண்டும். அங்கே கண்ணில் படுவது சேறு. எச்சில் தொட்டுத் துடைத்தால் எண் தெரியும். கடையில் 'புத்தம் புதிது' என்று கொடுத்த டயருக்கு ஒன்றரை வயது என்பது அப்போது புலனாகும். பணம் கொடுக்கும் முன்பே நான்கிலும் இந்த எண்ணைப் பார்த்து, அது தெரியும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொல்வது அறிவுடையோர் வழக்கம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்தது சுமை. 3,500 பவுண்டு அச்சு இரண்டுள்ள டிரெய்லர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்குத் தொழிற்சாலையில் மாட்டி அனுப்பியது 205/75 ஆர்14, 'சி' தரம். 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் சுமக்கும் அளவு 1,760 பவுண்டு. ஓர் அச்சுக்கு இரண்டு டயர்: 3,520. அச்சின் வரம்பைக் காட்டிலும் 20 பவுண்டு மிச்சம். பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அந்த மிச்சம் தீர்ந்தது. வண்டியில் உள்ள தண்ணீர்த் தொட்டியோ 40 காலன், அதாவது 330 பவுண்டு சொச்சம். சட்டத்துக்கு இது போதும். விற்பனைச் சீட்டுக்கும் போதும். காற்று கொஞ்சம் குறைந்தால், ஒரு பக்கம் பாரம் கூடினால், சாலை கொதித்தால் போதாது. ஃபிரிட்ஜும் அடுப்பும் இழுத்து நீட்டும் சோபா அறையும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர்கள் எதிர்ப்பக்கத்துக்கும் சேர்த்துத் தவம் செய்கின்றன. லாரி நிறுத்தங்களிலுள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் அச்சுகளின் மொத்தம் தெரியும். எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்பது தெரியாது. ஆகவே கையிருப்பாக நிறைய விட்டுவைப்பதே வழி.

இதே அளவில் 'டி' தரம் வாங்கினால் 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு. டயருக்கு 280 லாபம். இங்கேதான் புதிய அறிஞர்கள் வழுக்குகிறார்கள். 'டி' வாங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் 50 மட்டும் காற்று அடித்தால் அது பழைய 'சி' சுமந்ததைத்தான் சுமக்கும். சுமப்பது ரப்பரன்று, காற்று. 65 அடிப்பதற்கு ரிம்மும் வால்வும் அதைத் தாங்க வேண்டும். 'இ' தரத்துக்குத் தாவி 80 அடிக்க நினைப்பவர், சாதாரண ரப்பர் வால்வுக்கு 65தான் எல்லை என்பதை மறந்து, முன்னூறு டாலர் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் மூன்று டாலர் வால்வைக் கோட்டை விடுவார். டயர் பலமானதால் அச்சு பலமாகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். கிடைத்த 280ஐ ஓய்வாக விடாமல் அதிலும் இரும்பு அடுப்பை ஏற்றுகிறவரை எந்தச் சித்தாந்தமும் காப்பாற்றாது.

காற்றை அதிகாலையில், சக்கரம் உருளுமுன், வெயில் படுமுன் பார்க்க வேண்டும். சூடேறிய டயரில் எண் கூடியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது, காய்ச்சலுக்குக் கஞ்சியை நிறுத்துவது போன்ற வைத்தியம்.

இன்னும் ஒரு காட்சி. பெட்ரோல் நிலையத்தில் இரட்டை அச்சு டிரெய்லர் இறுக்கமாகத் திரும்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரங்கள் திரும்பமாட்டா, வண்டி மட்டும் திரும்பும். முன்சக்கரத்தின் வயிறு ஒரு பக்கமும் பின்சக்கரத்தின் வயிறு எதிர்ப்பக்கமும் இழுபட, பட்டன் தரையைக் கவ்விக்கொண்டு முனகும். உள்ளே எஃகுப் பட்டைகளின் அடுக்குகள் ஒன்றையொன்று பிய்க்கப் பார்க்கின்றன. காருக்கும் லாரிக்கும் இந்த வேதனை இவ்வளவு இல்லை. பிரிவு தொடங்கிவிட்டால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, பட்டன் மேல் உள்ளங்கையை வைத்தால் ஓரிடத்தில் மேடு தட்டும். அதைத் தவறவிட்டால் மேற்பட்டை பிரிந்து சாட்டையாகச் சுழன்று தரைப்பலகை, மின்கம்பி, எரிவாயுக் குழாய் என எது எட்டுகிறதோ அதை அடிக்கும். நான்கு டயரின் விலையைவிட அந்தப் பழுது அதிகம். ஒன்று வெடித்தால் அதே பக்கத்து இணைச் சக்கரம் சிறிது நேரம் இருவர் சுமையைச் சுமந்திருக்கும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். மாற்றச் சொன்னால் அனுபவவாதி சிரிப்பார்.

ஒழிபியலில் ஸ்டெப்னி. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் அது பின்பம்பரிலோ வயிற்றடியிலோ உறை போர்த்தி உறங்குகிறது. நான்கை மாற்றிய உரிமையாளர் ஐந்தாவதைத் தொடுவதில்லை. தரையே பார்க்காத டயருக்கு வயது எப்படி ஆகும் என்பது அவர் கேள்வி. அதன் நான்கு இலக்கத்தை யாரும் படித்ததில்லை. வெடித்த நாளில், மணல் பறக்கும் சாலையோரத்தில், அதை இறக்கிப் பார்த்தால் தரம் 'சி', காற்று முப்பதுக்குக் கீழே, வயது மற்ற நான்கையும்விடக் கூட. வேறு வழியின்றி அதை மாட்டி, 50 மைல் போனதும் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும் என்ற விதியையும் மறந்து, அடுத்த ஊரில் டயர் கடை திறந்திருக்குமா என்று கைப்பேசியில் தேடிக்கொண்டே அவர் 70இல் போகிறார்.