உதிர்ந்த வேப்பிலை யாருக்குச் சொந்தம்? ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐரோப்பாவில் ஐப்பசியில் இலை உதிர்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஐப்பசியில் மழை. அப்போதைய அக்கம்பக்கத்துச் சண்டை தேங்கிய தண்ணீரைப் பற்றியது, அது தனி ஆய்வுக்குரியது. இங்கே வேம்பு மஞ்சளிப்பது மாசி, பங்குனியில். காம்படியில் ஒரு செல்லடுக்கு தளர, இலை கழல்கிறது. இதுவரை தாவரவியல். கழன்ற இலை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியதும் சமூகவியல் தொடங்கிவிடுகிறது.

ஆய்வுக்களம், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி முளைத்த மனைப்பிரிவு ஒன்றின் தெரு. ஆய்வுமுறை, மாடிப்படியில் காபியோடு உட்கார்ந்திருத்தல். முதன்மைச் சான்று, தென்னந்துடைப்பம் மண்ணில் விட்ட கீறல். ஒவ்வொரு வாசலிலும் கீறல்கள் பிறை பிறையாக வந்து, எல்லைக்கல்லுக்கு ஒரு விரல்கடை முன்னால் சட்டென்று நிற்கின்றன. அந்த ஒரு விரல்கடையில் கிடக்கும் இலையை யாரும் தொடுவதில்லை.

“என்னாக்கா, உங்க மரத்துக்கு லீவே கிடையாதா?”

“மரந்தாம்மா எங்களுது. காத்து எங்களுதா?”

இந்த உரையாடல் கம்பெனி பஸ் ஏறும் விடியல் வேளையில், ஈரக் கோலத்தின் மேல் இலை விழுந்த கணத்தில் நிகழ்வது. வியப்பு என்னவென்றால், இரு வீட்டு ஆண்களும் ஆலையில் ஜப்பானியரின் ‘ஐந்து எஸ்’ என்னும் பணியிட ஒழுங்கு முறையில் தேர்ந்தவர்கள். மஞ்சள் கோட்டுக்குள் ஒரு திருகாணி கிடந்தால் குனிந்து எடுப்பார்கள். வாசலில் இலை கிடந்தால் தாண்டிப் போவார்கள். ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் டைம்லருக்குத் தாய்மண்ணான ஸ்டுட்கார்ட் பகுதியில், அடுக்ககங்களில் ‘இந்த வாரம் பெருக்கும் முறை உங்களுடையது’ என்று கதவில் பலகை மாட்டும் வழக்கம் உண்டு. லாரி நுட்பம் வந்தது, பலகை வரவில்லை.

பலகை இல்லாத குறையைத் தீர்ப்பது பேச்சிலர் ரூம். இரு வல்லரசுகளுக்கு நடுவே சிக்கிய சிறுநாடு போன்றது அதன் வாசல். இரண்டு பக்கத்துக் குப்பையும் நைசாக அங்கே ஒதுங்கும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பையன்கள் மதியம் எழுந்து, குவியலைத் தாண்டி டிபன் வாங்கப் போகிறார்கள். இவர்களே இத்தெருவின் அமைதிக் காவலர்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

கொளுத்திவிடலாமே எனில், தெருவில் குப்பை எரிப்பதை திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுக்கின்றன. விதியைவிட வலிய தடை, மாடியில் காயும் யூனிஃபார்ம். புகை நாறும் சட்டையோடு லைனில் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்?

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். எல்லை தாண்டி நீளும் கிளையைப் பக்கத்து வீட்டுக்காரர் வெட்டலாம் என்று 1894இல் லெமன் எதிர் வெப் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சொன்னது. அப்படி வெட்டிய கிளையின் பழம் மரக்காரருக்கே என்றது 1919இன் மில்ஸ் எதிர் புரூக்கர் தீர்ப்பு. பூவைப் பற்றி இவற்றில் பேச்சில்லை. இத்தெருவுக்கோ அதுதான் முக்கியம். பங்குனி கடைசியில், மரத்துக்கு லீவு கேட்ட அதே அம்மாள் சுவருக்கு மரம் உள்ள பக்கம் வந்து, உதிரும் பூவுக்காக மரத்தடியில் பழைய புடவையை விரிக்கிறார். சித்திரை முதல் நாள், எவர்சில்வர் கிண்ணத்தில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி சுவருக்கு மேலே நீட்டப்படுகிறது. “உப்பு பாருங்கக்கா” என்கிறார். பிறகு, கிண்ணத்தை விடாமலே: “அந்த இலையத்தான் கொஞ்சம் பாத்துக்கோங்க.”