ஆவடி அகத்தாய்வர்

அகத்தாய்வர் என்பவர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் பணி ஓய்வுக்குப் பின் உருவாகும் ஒருவகை மனிதர். தொழிற்பேட்டைப் பட்டறையிலோ டாங்கித் தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டுகள் பிறர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் ஆராய வேறு எதுவும் இல்லாததால், தன் குணத்தை ஆராயத் தொடங்குகிறார். விடியற்காலையில் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் குரங்குக் குல்லாயுடன் இவரைக் காணலாம். எதிரே வருபவரை ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்திவிட்டு, அவருடைய தொப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார்.

இவர் கைக்கொள்ளும் முறை வேதாத்திரி மகரிஷி வகுத்தது. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய அறுகுணச் சீரமைப்பில் தீய குணத்தை அடக்கிவைக்கும் பேச்சே இல்லை. அதை நற்குணமாக மாற்ற வேண்டும். பேராசை நிறைமனமாக வேண்டும், சினம் பொறுமையாக வேண்டும், கடும்பற்று ஈகையாக வேண்டும், வஞ்சம் மன்னிப்பாக வேண்டும். இதற்குத் தாளும் பேனாவும் போதும். யார் யார் மீது சினம் வருகிறது என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவராக எடுத்துச் சிந்தித்துத் தீர்க்க வேண்டும்.

முறையில் குறையில்லை. அகத்தாய்வர் கைக்கு வந்ததும் அது தொழிற்சாலைப் பதிவேடாகிவிடுகிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘பெயர்’, ‘குறை’, ‘சரிசெய்ய வேண்டியவர்’ என்று மூன்று பத்தி பிரிக்கிறார். முதல் வரிசையில் மனைவி, அடுத்து மருமகன், அதற்கடுத்து ஆள் நிரம்பும்வரை வண்டியை எடுக்காத ஷேர் ஆட்டோக்காரர். மூன்றாம் பத்தியிலும் அதே பெயர்கள்தான்.

கவலைகளை நான்கு வகையாகப் பிரிப்பதும் அம்முறையில் உண்டு: அனுபவித்தே தீர வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை. பென்ஷன் அரியர் உடனே தீர்க்க வேண்டியது. சமையலறைக் குழாய் ஒழுகுவது அலட்சியப்படுத்த வேண்டியது.

நற்குணங்கள் வந்து சேரும் கட்டம் இன்னும் கடினமானது. முன்பு ஐந்து நிமிடம் கத்தி ஓய்ந்துவிடுவார். பொறுமை கைவந்தபின் கண்ணை மூடிப் புன்னகையோடு மூன்று நாள் பேசாமல் இருக்கிறார். கத்தலே தேவலை என்கிறது வீடு. ஈகை பிறந்ததும் மனைவியின் சீர்வரிசை அண்டாவைத் தானம் செய்கிறார். மன்னிப்புக்காகத் திருநின்றவூருக்கு லோக்கல் ரயில் ஏறி, சகலையைப் பார்த்து, “கல்யாணப் பந்தியில என்னைக் கவனிக்காம விட்டீங்களே, அதை மன்னிச்சுட்டேன்” என்கிறார். அப்படியொரு குற்றம் நடந்ததே சகலைக்கு அன்றுதான் தெரியும். அன்று மாலை முதல் இரு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சிலர் மட்டும் இந்தக் கட்டத்தைத் தாண்டுகிறார்கள். பட்டியல் மனைவியின் கையில் சிக்கி, விட்டுப்போன ஒரு பெயர் கடைசி வரிசையில் அந்த அம்மாளின் கையெழுத்தில் ஏறும்போது உண்மையான அகத்தாய்வு தொடங்குகிறது. பிறகு நோட்டு மெலிகிறது. ஏரிக்கரையில் அறிவுரையும் குறைகிறது. ஒருவர் திருந்தினாரா என்று அறிய அவருடைய நோட்டைப் புரட்ட வேண்டாம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று பார்த்தால் போதும்.